வலிக்குப் பதினோரு கட்டம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இந்த வருஷம் நர்சுகள் தினத்துக்கு மலர் போடுகிறார்களாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் நாகல் நகரில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: 'கணினிப் பதிவேட்டில் ஒரே சீரான நர்சிங் சொற்கள் - நாம் கடந்து வந்த பாதை.'

"எந்தப் பாதை?" என்று கேட்டேன். "நான் தெனமும் ஷேர் ஆட்டோவுல தான வந்தேன்."

"அதில்லக்கா. பேப்பர்ல எழுதுனதுல இருந்து கம்ப்யூட்டருக்கு மாறுனோம்ல, அது. இப்பப் புது வெர்ஷன் வருது. பழைய ஆளுக அனுபவத்த எழுதுனா நல்லாருக்கும்னு மேடம் சொன்னாங்க."

"நல்லாருக்கிற அனுபவமா, நடந்த அனுபவமா?"

ஒருத்தி சிரித்தாள். மற்றவள், "நடந்தத எழுதுங்கக்கா, நல்லாருக்கிறத நாங்க சேத்துக்கிறோம்" என்றாள். இவள் சீக்கிரம் மேலே வருவாள்.

முதலில் ஒன்று. நான் நர்சு இல்லை, நர்சிங் அசிஸ்டென்ட். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை அதற்கு முன்பே விட்டிருந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் மூன்று வருஷம் பஞ்சைச் சுவாசித்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரித்தேன். கல்யாணம் ஒன்று நடந்தது; தக்காளியைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கியது. பிறகு ஒரு கடையில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். அங்கேதான் இங்கிலீஷ் எழுத்து என் கைக்கு வந்தது. வாய்க்கு இன்னும் வரவில்லை.

பயிற்சி என்று ஒன்று ஒரு வருஷம் நடந்தது, செல்போன் கடைக்கு மேல் மாடியில். ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். அதற்கு இடது கை மட்டும்தான். சான்றிதழைச் சட்டம் போட்டே கொடுத்தார்கள், மாட்டுவதற்குச் சுவர் நமக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில். அதன் பிறகு கொச்சியில் ஒரு பெரியவரையும் பெங்களூரில் ஓர் அம்மாளையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் என் மடியில்தான் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் போனில் அழுதார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஓரிடத்தில் என் கால் நின்றதில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மட்டும் ஓய்வு பெறும்வரை நின்றுவிட்டது. அதற்குக் காரணம் மேட்ரன் ஆரோக்கியமேரி.

மேட்ரன் அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். காலையில் ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சொல் கேட்பார்.

"அம்மா, எட்டாம் பெட்டு நிறைய வாந்தி எடுத்துட்டாரு."

"எத்தன?"

"மூணு தடவம்மா."

"தடவைக்கு எம்புட்டு? டம்ளரா, சொம்பா?"

"பாக்கலம்மா. ஊத்திக் கழுவிட்டேன்."

"அப்ப நிறையன்னு உனக்கு யாரு சொன்னா? வாளியா?"

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அன்றிலிருந்து நான் வாந்தியை அளக்காமல் ஊற்றியதில்லை.

எலும்பு வார்டில் அவருக்கு ஒரு தனிச் சடங்கு உண்டு. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஆள் வந்தால் கட்டைப் பார்க்கமாட்டார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களைப் பார்ப்பார். முதலில் நிறம். பிறகு புறங்கையால் தொட்டுச் சூடு. பிறகு பெருவிரல் நகத்தை அமுக்கி விடுவார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை எண்ணும் நேரம் ஆகிறது என்று எண்ணுவார். இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். கடைசியாக விரலை மெதுவாக மேல்பக்கம் தூக்குவார். தூக்கும்போது விரலைப் பார்க்கக்கூடாது, நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே வீக்கம் ஏறிக் கட்டு இறுக்கினால் சதைக்கு ரத்தம் போகாது. அப்போது விரலைத் தூக்கினால் ஆள் துடித்துப்போவான். சில மணி நேரத்தில் அந்தக் கால் போய்விடும். ஆகவே மாவுக்கட்டுப் போட்ட முதல் நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை இந்த நாலையும் பார்க்க வேண்டும். இதை எனக்கு அவர் ஒரே ஒரு முறைதான் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் என் காலில் செய்து காட்டச் சொன்னார்.

பேப்பர்ப் பதிவேட்டுக் காலம் ஒரு பொற்காலம் என்று யாராவது இந்த மலரில் எழுதியிருந்தால் நம்பவேண்டாம். 'நோயாளி நன்றாகத் தூங்கினார்' என்பதுதான் அந்தக் காலத்தின் தேசிய கீதம். விடிய விடியக் கத்தியவரும் நன்றாகத் தூங்கினார், பக்கத்தில் படுத்திருந்தவரும் நன்றாகத் தூங்கினார். ஒரே வயிற்றுப்போக்கை ஒருத்தி ஒரு பேரில் எழுதுவாள், அடுத்தவள் வேறு பேரில் எழுதுவாள், மூன்றாமவள் 'நேற்றுப் போலவே' என்று எழுதுவாள்.

அதனால்தான் கம்ப்யூட்டர் வருகிறது, நோயாளியின் கஷ்டங்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரிச் சொற்பட்டியல் வருகிறது என்றதும், மற்றவர்கள் முனகினாலும் மேட்ரன் அம்மா சந்தோஷப்பட்டார்.

"ஒரு நோவுக்கு ஆறு பேரு வச்சிருக்கோம். இங்கருந்து மருதைக்கு அனுப்புனா அங்க இருக்கிறவ எத நம்புவா? ஒரே சொல்லுல எழுதுங்கடி" என்றார்.

பயிற்சி கொடுக்க ஒரு தம்பி வந்தார். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் திரையில் ஒரு வெள்ளைக்கார நோயாளியைக் காட்டினார். அந்த நோயாளி மூன்று நாளும் ஒரு தடவைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. அவருடைய பெண்டாட்டி ஒரு தடவைகூட வந்து "செத்த வாங்களேன்" என்று கூப்பிடவில்லை. அப்படிப்பட்ட நோயாளியை வைத்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் அருமையாகத்தான் வேலை செய்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழில் சொல்கிறேன். நோயாளிக்கு என்ன கஷ்டமோ அதற்குரிய சொல்லைப் பட்டியலில் தட்ட வேண்டும். தட்டியதும் அந்தச் சொல்லுக்குக் கீழே கட்டங்கள் திறக்கும். எல்லாவற்றையும் நிரப்பினால் வரி பச்சையாகும். நிரப்பாதவரை சிவப்பு. 'வலி' என்று தட்டினால் பதினோரு கட்டம் திறக்கும். எங்கே, எப்போதிருந்து, பத்துக்கு எத்தனை, குத்தலா எரிச்சலா, என்ன செய்தீர்கள், இப்போது எப்படி, இன்னும் என்னென்னவோ. அத்தோடு முடியாது. மணிக்கு ஒரு தடவை நர்சு மேஜையில் மணி அடிக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பதினொன்றையும் நிரப்ப வேண்டும்.

'பதற்றம்' என்றும் ஒரு சொல் இருந்தது. அதற்கு இரண்டே கட்டம். ஆறுதல் கூறப்பட்டதா? ஆம். உறவினரிடம் விளக்கப்பட்டதா? ஆம். பச்சை. மணி அடிக்காது.

நர்சு மேஜைக்கு மேலே ஒரு டிவி மாட்டினார்கள். எந்த வார்டு எவ்வளவு பச்சை என்று நாள் முழுக்க அது காட்டிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் அதிகப் பச்சை வாங்கிய வார்டுக்குக் கேடயமும் கேக்கும். எங்கள் எலும்பு வார்டில் ஒரு ஷிப்ட்டுக்குப் பதினாலு நோயாளி, ஒரு சிஸ்டர், ஓர் அசிஸ்டென்ட். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஒரே மாதத்தில் எங்கள் வார்டிலிருந்து வலி ஒழிந்தது. கை ஒடிந்தவருக்குப் பதற்றம். இடுப்பு ஒடிந்தவருக்குப் பதற்றம். தாடிக்கொம்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்து மூன்று விலா எலும்பை முறித்துக்கொண்டவருக்கும் சும்மா பதற்றம். வலி மாத்திரை, ஊசி எல்லாம் டாக்டர் எழுதியபடி கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். பதிவில்தான் வலி கிடையாது. எலும்பு முறிந்தால் மனிதனுக்கு வலிக்காது, பதறும் என்ற மருத்துவ உண்மையை உலகுக்குச் சொன்னது திண்டுக்கல்தான். கேடயத்தை மூன்று மாதம் தொடர்ந்து வாங்கினோம். மேட்ரன் அம்மா அதைத் தன் அறையில் மாட்டிவைத்தார். கேக்கில் அவர் ஒரு துண்டு சாப்பிட்டார், நான் இரண்டு.

தட்டியது பெரும்பாலும் என் விரல்கள்தான். கல்யாணப் பத்திரிகை அடித்த கை என்பதால் எனக்கு வேகம் உண்டு. சிஸ்டர்மார்களுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டு. அவர்கள் ஓடி ஓடி ஊசி போடுவார்கள். நான் அவர்களுடைய பேரில் உட்கார்ந்து தட்டுவேன். பிரியா என்று ஒரு சிஸ்டர். பாலசமுத்திரத்துப் பிள்ளை, நர்சிங் முழுக்கப் படித்தவள். மரியாதை குறையாது.

"ஏனுங்க்கா, அந்த ஒம்பது பேத்துக்கும் நீங்களே போட்டுருங்க. நா டிரஸ்ஸிங் முடிச்சுட்டு வந்தர்றேன்."

"என்னன்னு போட?"

"எப்பவும் போடறதுதானுங்க்கா."

எப்பவும் போடுவதைப் போட்டேன்.

சம்சுதீன் பாய் வந்த நாளும் அப்படிப்பட்ட ஒரு நாள்தான். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில் வேலை. சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. எலும்பு டாக்டர் காலையிலேயே சேர்த்துவைத்துத் தொடைவரை மாவுக்கட்டுப் போட்டு, ஒன்பது மணிக்கு வார்டுக்கு அனுப்பினார். கூட அவர் மனைவி மும்தாஜ். கட்டிலில் போட்டதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "நின்னு பாக்குற வேலக்கா. கால் பழையபடி வந்துருமில்ல?"

"வந்துரும்" என்றேன். என்னைக் கேட்டால் எல்லாம் வந்துவிடும்.

பதினோரு மணிக்குப் பாய் கூப்பிட்டார். "யக்கா, கட்டுக்குள்ள யாரோ துணி முறுக்குற மாதிரி முறுக்குதுக்கா."

"ஒடைஞ்ச கால் பாய். செத்த வலிக்கத்தான் செய்யும். ஊசி போட்டுருக்குல்ல?"

"ஊசிக்குக் கேக்கலக்கா."

பிரியாவிடம் சொன்னேன். அவள் கையில் ரத்தப் பாட்டில் இருந்தது. "புதுசா வந்தவருங்க்கா, பயந்திருப்பாரு. போட்டுருங்க" என்றாள். போட்டேன். பதற்றம். ஆறுதல் கூறப்பட்டது. உறவினரிடம் விளக்கப்பட்டது. நான் ஆறுதல் கூறியதும் பொய்யில்லை. 'ஒடைஞ்ச கால் பாய்' என்றேனே.

ஒரு மணிக்குப் பிரியாவின் ஷிப்ட் முடிய வேண்டும். மாற்ற வேண்டியவள் வரவில்லை என்று அவளையே இருக்கச் சொன்னார்கள்; எனக்கும் அதே கதை. பழைய ஷிப்ட்டின் பதிவைப் புது ஷிப்ட்டுக்கு அப்படியே எடுத்து வைக்க ஒரு பொத்தான் உண்டு. பதினாலு பேருக்கும் சேர்த்து ஒரே அமுக்கு. அமுக்கினேன். எல்லோரும் பச்சை.

இரண்டு மணிக்கு டூட்டி டாக்டர் வந்தார். சின்னப் பையன்தான், நாலு வார்டுக்கும் ஒருவர். மேஜையில் நின்றபடியே திரையைப் பார்த்தார். சம்சுதீன்: பதற்றம், பதற்றம், ஆறுதல் கூறப்பட்டது. பாய் அந்தப் பக்கமிருந்து, "டாக்டர், கால்..." என்றார். "பயப்படாதீங்க பாய்" என்று சொல்லி, மனசு அமைதியாக ஒரு மாத்திரை எழுதிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதியிருந்ததை நம்பினார். எழுதுவது நம்புவதற்குத்தானே.

மாத்திரையைக் கொடுத்து, மூன்று மணிக்கு இன்னொரு பதிவும் போட்டேன். நோயாளி அமைதி.

நாலு மணி சுமாருக்கு மும்தாஜ் நாலாவது தடவையாக மேஜைக்கு வந்தார். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை.

"யக்கா, கால வெட்டிப் போட்டுருங்கங்கிறாரு. இருவது வருசமா அவரு கூட இருக்கேன். தொட்டித் தண்ணி பட்டுக் கையெல்லாம் வெந்து வருவாரு, ஒரு நா வலிக்குதுன்னு சொன்னதில்ல. வந்து பாருங்கக்கா."

போனேன். விரல்களைப் பார்த்தேன். சாம்பல் பூத்த நிறம். புறங்கையை வைத்தேன், குழாய் இரும்பு மாதிரி ஜில்லென்று இருந்தது. நகத்தை அமுக்கி விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. சிவக்கவில்லை. பெருவிரலைக் கொஞ்சம் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு வார்டில் உட்கார முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

காலையிலிருந்து நான் ஏன் இதைப் பார்க்கவில்லை? பேப்பர் இருந்தபோது விரல் பார்ப்பதற்குத் தனித் தாள் ஒன்று தொங்கும். கம்ப்யூட்டர் வந்ததும் தாளை எடுத்துவிட்டு, மேட்ரன் அம்மா கேட்டுக்கொண்டபடி அந்த நாலு சோதனையையும் 'வலி'க்குக் கீழே சேர்த்துவிட்டார்கள். பதினோரு கட்டத்தில் கடைசி நாலு அவைதான். நாங்கள்தான் வலியைத் திறப்பதே இல்லையே. இத்தனை கட்டம் எதற்கு, எவனோ வெளிநாட்டில் உட்கார்ந்து வேலையில்லாமல் எழுதியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்தோம். அதில் நாலு கட்டம் எங்கள் ஊர்க்காரி எழுதியது.

பிரியா ஓடிவந்து பார்த்தாள். டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"மூணு மணிக்கு அமைதின்னு போட்டுருக்கே சிஸ்டர்?"

"அது நாங்க போட்டதுங்க சார்."

"நீங்க போட்டத தான் நான் பாக்குறேன். இங்க ஆக்சிடென்ட் கேஸ் ரெண்டு நிக்குது. கரெக்ட் பண்ணிப் போடுங்க, வாரேன்."

சரி, திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரே முக்கியக் கஷ்டம்தான். பழையதை முடிக்காமல் புதியதைத் திறக்க முடியாது. பதற்றத்தை முடிக்க வேண்டுமானால், இப்போது நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நாலுக்குக் கீழே போட்டால் முடியாது. பின்னால் மனிதர் அலறிக்கொண்டிருந்தார். நான் 'ஐந்து, முழு அமைதி' என்று தட்டினேன்.

அதற்குள் மேட்ரன் அம்மா மாடிப்படியில் சத்தம் கேட்டு வந்துவிட்டார். திரைப்பக்கம் திரும்பவே இல்லை. நேரே கால்மாட்டுக்குப் போனார். பின்னால் கட்டிய கை பிரிந்தது. நிறம், சூடு, நகம், விரல். எப்போதிருந்து என்று மும்தாஜிடம் கேட்டார். பிறகு எலும்பு டாக்டருடைய சொந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"சார், காலைல கட்டுப் போட்ட சம்சுதீன். வெரலு ஜில்லுன்னு இருக்கு. நகம் அஞ்சு எண்ணியும் செவக்கல. தூக்குனாக் கத்துறாரு. பதினோரு மணியில இருந்து சொல்லிட்டிருக்காரு."

"கட்டப் பிரிங்க. நான் வாரேன்" என்றார் டாக்டர். போன் மொத்தமும் அரை நிமிஷம் இருக்காது.

கட்டு வெட்டும் மிஷினோடு ஆள் வந்தார். மேலே மாவை நீளவாக்கில் வெட்டிவிட்டு நிமிர்ந்தார். "பஞ்சும் வெட்டு. தோலு தெரியணும்" என்றார் மேட்ரன் அம்மா. பஞ்சையும் வெட்டி விரித்தபோது கெண்டைக்கால் மரக்கட்டை மாதிரி கெட்டியாக, பளபளவென்று இருந்தது. பாய் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். "யக்கா, கால் இருக்குமா?" என்று கேட்டார். இந்தத் தடவை நான் 'வந்துரும்' என்று சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் தியேட்டர். காலின் இரண்டு பக்கமும் நீளமாகத் திறந்து உள்ளிருந்த இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். கால் பிழைத்தது. ஆனால் முன்பக்கத்துச் சதையில் ஒரு பங்கு செத்திருந்தது. பாதத்தை மேலே தூக்க அவரால் முடியவில்லை; துணி பொம்மையின் பாதம் மாதிரி தொங்கிவிட்டது. "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, மேட்ரன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் மேட்ரன் அம்மா என்னையும் பிரியாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "எழுதுனது யாரு கை?"

"என் கைம்மா."

"பேரு?"

"பிரியா சிஸ்டர் பேருல."

அவர் பிரியாவைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே, "பதினாலு பேரு மேடம்" என்றாள். மேட்ரன் அம்மா சுவரில் இருந்த கேடயத்தைப் பார்த்தார். பிறகு, "மூணு மாசமா எலும்பு வார்டுல ஒருத்தனுக்கும் வலியில்லன்னு எழுதியிருக்கு. நானும் அதப் பாத்துட்டுக் கேடயம் மாட்டிக்கிட்டுத் தான இருந்தேன்" என்றார். என்னைப் பார்த்து, "வா. எழுதுனத அந்தாளுகிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கட்டில் பக்கத்தில் நின்று, பதினோரு மணிக்கு நீங்கள் சொன்ன வலியை நான் பயம் என்று எழுதினேன், டாக்டர் அதைத்தான் பார்த்தார் என்று சொன்னேன். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் கூரையைப் பார்த்தபடி, "பயந்ததும் நெசந்தான்க்கா" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு விசாரணைக் கூட்டம். மாநாட்டு அறை, ஏசி, பிஸ்கட். கோட்டுத் தம்பி வீடியோவில் வந்தார். பதிவை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். நாலு மணி சொச்சத்துக்கு 'முழு அமைதி' என்று இருந்ததைப் பார்த்த நிர்வாக அதிகாரி, "இங்க பிரச்சினையே தெரியலையே" என்றார். உண்மைதான். பதிவில் தெரியவில்லை.

மேட்ரன் அம்மாவைக் கேட்டார்கள். "பதினோரு கட்டமும் இருக்கட்டும். பதினாலு பேருக்கு ஒருத்தி இருக்கக்கூடாது" என்றார். அது ஆள் எடுக்கும் பிரிவின் விஷயம், இந்தக் கூட்டத்தின் வரம்பில் வராது என்றார்கள். "அப்ப அந்த டிவியக் கழட்டுங்க" என்றார். அது தரச்சான்றிதழுக்கு அவசியம் என்றார்கள். தப்பு எங்கே நடந்தது என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் கண்டுபிடித்தார்கள். பட்டியலில் 'பதற்றம்' என்ற சொல் இருந்ததால்தானே அதைத் தட்டினார்கள்? ஆகவே எலும்பு வார்டுக்கு அந்தச் சொல்லை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கோட்டுத் தம்பி அங்கிருந்தபடியே எடுத்தார். உலகம் ஒத்துக்கொண்ட பட்டியலிலிருந்து ஒரு கட்டத்தைக்கூடக் குறைக்க முடியாது என்று சொல்லி வந்தவர், ஒரு சொல்லையே அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டார். அன்று மாலையிலிருந்து எங்கள் வார்டில் எவருக்கும் பயம் கிடையாது.

பிரியாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அவள் இரண்டு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் நான் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றார்கள். நோயாளியைத் தொடலாமா என்று தனியாகச் சொல்லவில்லை, தொட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அசிஸ்டென்டுகளுக்கும் சொந்தமாகப் பாஸ்வேர்டு கொடுத்தார்கள். இனிமேல் தப்பை என் பேரிலேயே செய்யலாம். விரல் பார்க்கும் தாளை மேட்ரன் அம்மா யாரையும் கேட்காமல் மறுபடி கட்டில் கம்பியில் தொங்கவிட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்துச் சம்சுதீன் பாய் மறுபடி வந்தார். காலின் பின்பக்கத்துத் தசைநார் ஒன்றை முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினால் தொங்கும் பாதம் நிமிரும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். நிமிர்ந்தால் மறுபடி நின்று வேலை பார்க்கலாம். நிமிராவிட்டால் தோல் ஷாப் வாசலில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் முடிவில் காலுக்கு மறுபடி மாவுக்கட்டுப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேறு வழியில்லை.

மத்தியானம் அவரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண் அந்தக் கட்டை விட்டு அகலவில்லை. நான் போய் விரல்களைப் பார்த்தேன். நல்ல நிறம், நல்ல சூடு. நகம் ஒன்று எண்ணுவதற்குள் சிவந்தது. விரலைத் தூக்கினேன், முகத்தில் ஒன்றுமில்லை.

"வலிக்குதா பாய்?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் போர்வைய இப்பிடிப் பிடிச்சிருக்கீங்க?"

மும்தாஜ் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். அவர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். "பயமா இருக்குக்கா. வெள்ளக் கட்டப் பாத்தாலே உசுரு போகுது. நான் கண்ண மூடுன நேரத்துல இறுக்கிருச்சுன்னா? அன்னிக்கு மாதிரி யாரும் வரலைன்னா?" என்றார். பிறகு அவசரமாக, "யக்கா, பயம்னு மட்டும் எழுதிறாதீங்க" என்றார்.

"எழுத முடியாது பாய். அந்தச் சொல்ல எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? அப்ப நெசமாவே பயந்தவன் என்ன சொல்லணும்?"

"வலிக்குதுன்னு சொல்லணும்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் மேஜைக்கு வந்தேன். என் சொந்தப் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். வலி. பதினோரு கட்டமும் திறந்தது. பத்துக்கு எத்தனை என்ற இடத்தில் ஒன்று போட்டேன். மூன்றுக்குக் கீழே இருந்தால் கம்ப்யூட்டர் ஊசி கேட்காது, மருந்து கேட்காது. மணிக்கு ஒரு தடவை மணி மட்டும் அடிக்கும். அடித்தது. வரி சிவப்பாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். நாலு சோதனையையும் அவர் கண் முன்னால் செய்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த மணிக்கும் போனேன். மூன்றாவது தடவை நான் போவதற்கு முன்பே அவர் போர்வையை விலக்கி விரல்களை நீட்டி வைத்திருந்தார். ஐந்தாவது மணி அடித்துப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் பார்த்துவிட்டு வந்து, 'நோயாளி நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதத் தேடினேன். அதற்குப் பட்டியலில் சொல் இல்லை. கட்டில் கம்பியில் தொங்கிய தாளில் எழுதினேன்.